மத்துப் போட்டு வெண்ணெய் எடுப்பது: டெல்டா வெயிலுக்கு ஏற்ற முறை

வெண்ணெய் கடைய கை வலு வேண்டும் என்று நினைத்தே பாதிப் பேர் மிக்ஸிக்குப் போய்விடுகிறார்கள். கை வலுவுக்கு இதில் பெரிய வேலை இல்லை, தயிர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான் விஷயம். சித்திரை மாதம் காலை எட்டு மணிக்கு மத்தைப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு நேரம் இழுத்தாலும் எண்ணெய்ப் பிசுக்காக ஏதோ மத்தில் ஒட்டுமே தவிர வெண்ணெய் வராது. அதே தயிரை விடியற்காலை நாலரைக்கு எடுத்துக் கடைந்தால் அரை மணிக்குள் திரண்டுவிடும்.

காரணம் எளிது. பாலில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு துளிகளாக மிதக்கிறது, ஒவ்வொரு துளியைச் சுற்றியும் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. மத்து சுழலும்போது காற்று புகுந்து நுரை கட்டும், துளிகள் ஒன்றோடொன்று மோதி அந்தத் தோல் கிழியும், உள்ளே இருக்கும் கொழுப்பு ஒட்டிக்கொண்டே போய் குருணையாகும். ஒட்ட வேண்டும் என்றால் கொழுப்பு பாதி இறுகியும் பாதி இளகியும் இருக்க வேண்டும். முழுக்க இறுகியிருந்தால் மோதிவிட்டு விலகிப் போய்விடும், முழுக்க உருகியிருந்தால் திரும்பவும் மோரிலேயே கலந்துவிடும். தயிரைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது போல விரல் விறைக்கக் கூடாது. தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளலாம். நம்ம ஊரில் பகலில் 30 டிகிரியைத் தாண்டும்போது கொழுப்பில் பெரும்பகுதி உருகியேதான் கிடக்கும். அதனால்தான் அந்தக் காலத்துப் பெண்கள் கோழி கூவும் முன்னே மத்தைத் தூக்கினார்கள், வேறு வேலை இல்லாமல் இல்லை.

பால் எது?

எருமைப்பால் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கொழுப்பு 6 முதல் 8 சதவீதம் வரை இருக்கும், துளிகளும் பெரிது, சீக்கிரம் திரளும். ஐந்து லிட்டரில் சுமார் 300 முதல் 350 கிராம் வெண்ணெய் எதிர்பார்க்கலாம். கலப்பின மாட்டுப் பாலில் கொழுப்பு நாலு சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதில் ஐந்து லிட்டருக்கு 200 கிராம் வந்தால் நல்ல கணக்கு. கலப்பினத்திலும் ஜெர்சி என்றால் கொஞ்சம் கூடும், கறுப்பு வெள்ளை மாடு என்றால் பால் நிறைய, வெண்ணெய் குறைவு. நாகை, திருவாரூர்ப் பக்கம் இன்னும் உம்பளாச்சேரி மாடு வைத்திருக்கிற வீடுகள் உண்டு. அது சேற்று உழவுக்கும் வண்டிக்கும் பேர் வாங்கிய மாடு, கறவைக்கு அல்ல, கன்று குடித்தது போக வீட்டுக்கு வருவது கொஞ்சம்தான். ஆனால் பால் கெட்டி. இரண்டு வேளைப் பாலைச் சேர்த்து உறை ஊற்றிக் கடைந்தால் அந்த வெண்ணெயின் மணமே தனி.

சினை முற்றிப் பால் வற்றப் போகிற மாட்டுப் பாலில் மட்டும் மெனக்கெடாதீர்கள். அந்தப் பாலில் கொழுப்புத் துளிகள் சிறுத்துப் போகும், ஒரு மாதிரி கரிப்பும் சேரும், கடைந்தால் நுரைக்கும், ஆனால் திரள நெடுநேரம் ஆகும். வேறு மாட்டுப் பால் இருந்தால் அதோடு கலந்து உறை ஊற்றுங்கள்.

மாடு என்ன தின்கிறதோ அது வெண்ணெயில் தெரியும். அறுவடை முடிந்து வெறும் வைக்கோல் போடுகிற நாட்களில் பசு வெண்ணெய் வெளுத்துப் போகும், வாய்க்கால் கரைப் புல்லில் மேய்ந்தால் மஞ்சள் ஏறும், கொஞ்சம் இளகலாகவும் இருக்கும். எருமை என்ன தின்றாலும் வெண்ணெய் வெள்ளைதான், அதைப் பார்த்து ஏதோ கலப்படம் என்று சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பருத்திக்கொட்டை ஆட்டி வைக்கிற வீட்டில் வெண்ணெய் கெட்டியாக வரும், கோடையில் அது பெரிய உதவி. கடலைப் புண்ணாக்கு அதிகமானால் இளகும்.

வீட்டில் மாடு இல்லை, பாக்கெட் பால்தான் என்றால் உறையில் ஹோமோஜினைஸ்டு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் போட்டிருந்தால் கொழுப்புத் துளிகளை இயந்திரத்தில் நசுக்கிப் பொடியாக்கி விட்டார்கள் என்று அர்த்தம், ஆடையும் சரியாகப் படியாது, வெண்ணெயும் ஒழுங்காகத் திரளாது. தெருவில் கறந்து ஊற்றுகிற பால்காரரிடம் வாங்குவதே நல்லது.

ஆடையை மட்டும் சேர்த்து வைக்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்கலாம், ஊரெல்லாம் இப்போது அப்படித்தான். தினமும் ஆடையை எடுத்து ஃப்ரிட்ஜில் ஒரு டப்பாவில் போட்டு வைத்து வாரக் கடைசியில் மிக்ஸியில் அடிப்பது. வெண்ணெய் வரும், குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் நாள் போட்ட ஆடை அதற்குள் கசந்து போயிருக்கும், அந்த வாடை நெய் வரைக்கும் தொடரும். அப்படிச் செய்வதானால் டப்பாவில் முதல் நாளே ஒரு ஸ்பூன் தயிர் விட்டு அதன் மேலேயே ஆடையைப் போட்டு வாருங்கள், புளித்துக் கொள்ளும், கசக்காது. என்னைக் கேட்டால், வாரம் ஒரு நாள் முழுப்பாலையும் உறை ஊற்றிக் கடைவதுதான் லாபம், கூடவே ஒரு பானை நல்ல மோர் கிடைக்கிறதே.

உறை ஊற்றுவது

பாலைப் பொங்க விட்டு, தணலைக் குறைத்து இன்னும் பத்து நிமிஷம் காய விடுங்கள். விறகடுப்பானால் புகை உள்ளே போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள், பால் மாதிரி வாடையை இழுக்கிற சாமான் வேறு இல்லை. இறக்கி, விரல் விட்டால் பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் தயிர் விட்டு இரண்டு முறை ஆற்றுங்கள். பழைய மோரை உறைக்கு விடுகிறவர்கள் உண்டு, ஆனால் தண்ணீர் சேர்த்துக் கடைந்த மோரில் உறையும் நீர்த்துப் போயிருக்கும், தயிரே நல்லது. வெயில் காலத்தில் ஆறேழு மணி நேரத்தில் உறைந்துவிடும், மார்கழியில் பத்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும், பானையைச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டியிருக்கும்.

மண்பானையில் உறை ஊற்றுவதற்குக் காரணம் உண்டு. மண் நீரை உறிஞ்சி வெளியே கசிய விடுகிறது, அந்த ஈரம் காற்றில் காயும்போது பானைக்குள் இருப்பது குளிர்கிறது. தயிரும் கெட்டியாக இறுகும், காலையில் கடைய எடுக்கும்போது எவர்சில்வர் பாத்திரத்தில் இருப்பதைவிடச் சில்லென்று இருக்கும். புதுப் பானையை அப்படியே பயன்படுத்தாதீர்கள், இரண்டு நாள் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, வெந்நீரில் கழுவி வெயிலில் காய வைத்த பிறகு எடுங்கள்.

தயிர் அளவாகப் புளித்திருக்க வேண்டும். உறைந்த உடனே கடைந்தால் கொழுப்பு முழுக்கப் பிரியாது, பாதி மோரோடு போய்விடும். அதிகமாகப் புளித்தால் வெண்ணெயில் புளிப்பு ஏறும், எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது. ராத்திரி உறை ஊற்றி விடிகாலையில் கடைவது என்பது இந்த இரண்டுக்கும் நடுவே சரியாக வந்து நிற்கிற நேரம்.

மத்தும் கயிறும்

இரண்டு லிட்டருக்குள் தயிர் என்றால் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுகிற சின்ன மத்து போதும். அதற்கு மேல் என்றால் கயிறு போட்டு இழுக்கிற பெரிய மத்துதான். திருவிழாக் கடைகளிலும் மரச்சாமான் விற்கிற கடைகளிலும் கிடைக்கிறது. வாங்கும்போது தலையின் பள்ளங்கள் ஆழமாக இருக்கிறதா, கோல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கோல் வளைந்திருந்தால் சுற்றும்போது ஆடி ஆடிப் பானையில் இடிக்கும். வார்னிஷ் பூசி மினுமினுப்பாக வைத்திருப்பதைத் தொடவே வேண்டாம், அது ஷோகேஸில் வைக்க. புது மத்தைக் கஞ்சித் தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வைத்தால் மரவாடை போகும்.

கயிறு ஆறேழு அடி நீளம் வேண்டும். நூல் கயிறு கைக்கு இதம். தேங்காய் நார்க் கயிறு பிடிமானம் நன்றாக இருக்கும், ஆனால் பழகாத கையை உரித்துவிடும். நைலான் வழுக்கும்.

பானையைப் பிரிமணையில் வையுங்கள், வைக்கோல் பிரி அல்லது தென்னை நார், எதுவானாலும் ஆடாமல் உட்கார வேண்டும். பக்கத்தில் ஒரு தூண், திண்ணைத் தூணோ கொட்டகைக் காலோ. தூணிலிருந்து மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கயிற்று வளையம் கட்டி, அவற்றுக்குள் மத்தின் கோலைச் செருகுங்கள். வளையம் மத்தை நிமிர்த்திப் பிடிக்க மட்டும்தான், இறுக்கினால் சுற்றாது. இரண்டு வளையத்துக்கும் நடுவே கடைகிற கயிற்றை மூன்று சுற்று சுற்றி இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக் கொள்ளுங்கள். மத்தின் தலை பானையின் அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும். பலர் கவனிக்காத இடம் இது. தலை அடியில் உரசினால் மண்ணும் மரமும் தேய்ந்து வெண்ணெயில் கலக்கும், மண்பானையானால் ஒரு நாள் கீறல் விட்டுவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று ஊரில் சொல்வதெல்லாம் சும்மா இல்லை.

தொடங்கும் முன் மத்தை வெந்நீரில் கழுவி, உடனே பச்சைத் தண்ணீரில் முக்கி எடுங்கள். மரம் நன்றாக நனைந்திருந்தால் வெண்ணெய் அதில் ஒட்டாது.

கடைவது

பானையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தயிர் இருந்தால் போதும், அதற்கு மேல் ஊற்றினால் நுரை எழும்பி வழியும். முதலில் தண்ணீர் விடாமல் மெதுவாக இழுத்துத் தயிரைக் கட்டி இல்லாமல் உடையுங்கள். அப்புறம் தயிரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் சேருங்கள். கோடையானால் மண்பானைத் தண்ணீர், மார்கழி தையில் விரல் சூட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். ஐஸ் போடலாமா என்றால் தாராளமாகப் போடலாம். பாரம்பரியம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் அவர்களையே அக்கினி நட்சத்திரத்தில் உட்கார வைத்துக் கடையச் சொல்லுங்கள்.

இழுக்கிற வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும், வலது முழு நீளம், இடது முழு நீளம். அவசரப்பட்டுச் சின்னச் சின்ன இழுப்பாக இழுத்தால் மத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆடும், தயிர் புரளாது. முதுகை வளைக்காமல் முக்காலியில் உட்கார்ந்து தோளிலிருந்து இழுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுப்பதும் உண்டு, பெரிய பானைக்கு அதுதான் சௌகரியம், பேச்சுத் துணைக்கும் ஆச்சு.

பத்து நிமிஷத்துக்குள் நுரை எழும்பும். அப்போது சத்தம் கனமாக, மந்தமாகக் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து நுரை தானாகவே அடங்கும், சத்தமும் மாறும், தண்ணீரில் மத்து சுழல்கிற மாதிரி சலசலவென்று கேட்கும். எங்கள் அப்பாயி அடுப்படியில் இருந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டு "போதும், நிறுத்து" என்று குரல் கொடுப்பார், பழகிய காதுக்கு எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கோலில் தெறித்து ஒட்டியிருக்கிற மோரைப் பாருங்கள். தயிர்ப் பூச்சாக வழவழவென்று இருந்தால் இன்னும் ஆகவில்லை, அதில் ரவை ரவையாகப் புள்ளி தெரிந்தால் வெண்ணெய் பிரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் நிறுத்துவதுதான் கைப்பக்குவம். குருணை அளவுக்கு வந்ததும் இழுப்பதை விட்டு, ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீரைப் பானையின் ஓரமாக ஊற்றி, நாலைந்து முறை மட்டும் மிக மெதுவாக மத்தைச் சுற்றுங்கள். குருணைகள் மேலே வந்து ஒன்று சேரும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் இன்னும் கொஞ்சம் வரும் என்று ஆசைப்பட்டால் வெண்ணெய்க்குள்ளேயே மோர் மாட்டிக்கொள்ளும், எடையில் கூடுவது தண்ணீர்தான், மறுநாளே புளிப்பு வாடை அடிக்கும்.

மொத்தம் இருபதிலிருந்து நாற்பது நிமிஷம். அதைத் தாண்டியும் வரவில்லை என்றால் கையை ஓய்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

திரளவில்லை என்றால்

நுரை ஏறிக்கொண்டே போகிறது, அடங்கவே இல்லை, தொட்டால் விரல் விறைக்கிறது என்றால் குளிர் கூடிப் போய்விட்டது. கால் சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கடையுங்கள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் வெண்ணெய் உருகி மோரோடு போய்விடும், அதன் பிறகு மீட்பது கஷ்டம். நுரை அடங்கிவிட்டது, மேலே பளபளவென்று எண்ணெய் மினுக்குகிறது, மத்தில் பிசுபிசுப்பு ஒட்டுகிறது என்றால் சூடு அதிகம். பானையை அப்படியே ஒரு தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கி அரை மணி நேரம் விட்டு, ஐஸோ பானைத் தண்ணீரோ சேர்த்துத் திரும்பத் தொடங்குங்கள். பெரும்பாலும் மீண்டுவிடும். சூடும் குளிரும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் பானையை அளவுக்கு மேல் நிரப்பியிருப்பீர்கள், அல்லது நான் மேலே சொன்ன வற்றுகிற மாட்டுப் பால். கண்ணேறு, தீட்டு என்றெல்லாம் சொல்லி மிளகாய் சுற்றிப் போடுவார்கள். சுற்றிப் போட்டுவிட்டு வருவதற்குள் தயிரின் சூடு மாறியிருக்கும், அதனால் சில சமயம் பலிக்கவும் செய்யும்.

எடுப்பதும் கழுவுவதும்

கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொண்டு, விரல்களை விரித்து மேலாக அள்ளுங்கள். கோலிலும் மத்தின் பள்ளங்களிலும் ஒட்டியிருப்பதையும் வழித்து எடுங்கள். அள்ளியதை அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த நீரில் போட்டு மெதுவாக அழுத்தி உருட்டினால் பால் நிறத்தில் தண்ணீர் பிரியும். அதைக் கொட்டிவிட்டு வேறு நீர், அப்புறம் இன்னொரு நீர். தண்ணீர் தெளிந்து வந்தால் போதும். உள்ளே தங்குகிற மோர்தான் வெண்ணெயைக் கெடுக்கிறது. கடையில் டேபிள் பட்டர் என்று விற்கும் வெண்ணெயில் 80 சதவீதமாவது கொழுப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம், வீட்டில் கையால் பிழிந்து எடுப்பதில் தண்ணீர் கூடுதலாகவே இருக்கும், அதனால் ஆயுளும் குறைவு.

சும்மா ஒரு நாள் இரண்டு நாள் வைக்க வேண்டுமானால் உருண்டையை மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் போட்டு, தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றினால் போதும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம். பங்குனி வெயிலில் வெளியே வைத்தால் மதியத்துக்குள் தளர்ந்துவிடும். மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமிக்கு வெண்ணெய்த்தாழி உற்சவம் நடப்பதும் அந்தப் பங்குனியில்தான். தவழ்கிற கோலத்தில் வெண்ணெய்க் குடத்தோடு பெருமாள் வீதியில் வர, சனங்கள் வெண்ணெயை வாங்கி அவர் மேல் வீசுவார்கள். அந்த வெயிலில் கையில் பிடித்துக் கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும் நான் சொல்வது.

மோரும் நெய்யும்

கடைந்த மோரில் கொழுப்புதான் போயிருக்கிறது, புரதம் எல்லாம் அங்கேயேதான் இருக்கிறது. பழைய சோற்றுக்கு, மோர்க்குழம்புக்கு, மோர்மிளகாய் ஊறப் போட என்று அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கடையில் விற்கும் தயிரில் தண்ணீர் கலந்து ஆற்றியதைக் குடித்துப் பழகியவர்களுக்கு இதன் ருசி முதலில் புதுசாக இருக்கும்.

நெய் காய்ச்ச அடி கனமான பாத்திரம், சின்னத் தணல். வெண்ணெய் உருகி நுரைத்து, சடசடவென்று பொரிகிற சத்தம் கேட்கும், அது உள்ளே இருக்கிற தண்ணீர் போகிற சத்தம். சத்தம் அடங்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், போன் வந்தாலும் எடுக்காதீர்கள், அடுத்த இரண்டு நிமிஷத்தில்தான் நெய் மணப்பதும் கருகுவதும். அடியில் தங்குகிற கசண்டு பொன்னிறத்துக்கு வந்ததும் ஒரு கைப்பிடி முருங்கை இலையைப் போட்டு, அது மொறுமொறுவென்று ஆனதும் இறக்கிவிடுங்கள். பாத்திரத்தின் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் சிவக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை போடுகிறவர்களும் உண்டு, எனக்கு முருங்கைதான். ஒரு கிலோ வீட்டு வெண்ணெய்க்கு முக்கால் கிலோ நெய் என்று கணக்கு வைக்கலாம், குறைந்தால் நீங்கள் தண்ணீரை ஒழுங்காகப் பிழியவில்லை. ஆறும் வரை மூடாதீர்கள், மூடியில் முத்து முத்தாக நிற்கிற ஆவி திரும்ப நெய்யில் விழும். மெதுவாக ஆற விட்டால் மணல் மணலாக உறையும், எருமை நெய்யில் அந்த மணல் பெரிசாகவே இருக்கும். கசண்டையும் பொரிந்த இலையையும் சூடான சோற்றில் உப்புப் போட்டுப் பிசைந்து சாப்பிடலாம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதில் வெல்லம் சேர்ப்பார்கள், பெரியவர்களுக்கு மிச்சம் இருக்காது.

வேலை முடிந்ததும் மத்தைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், மரம் சோப்பு வாடையைக் குடித்துக்கொண்டு அடுத்த வாரத் தயிருக்குக் கொடுக்கும். வெந்நீர் ஊற்றி, சீயக்காயோ சாம்பலோ போட்டுத் தேங்காய் நாரால் பள்ளங்களைத் தேய்த்தால் பிசுக்கு விட்டுவிடும். கயிற்றையும் அதே வெந்நீரில் அலசுங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். மத்து வெயிலில் ஒரு மணி நேரம் காய்ந்தால் போதும், நாள் முழுக்கக் கிடந்தால் வெடிப்பு விடும். அப்புறம் காற்றாட எங்காவது தொங்க விடுங்கள், ஈரத்தோடு பரணில் போட்டால் பூசணம் பிடித்துவிடும்.